கட்டுமரம்

கட்டுமரம் என்பது எடை குறைந்த மரத்தடிகளைக் கயிற்றால் பக்கம் பக்கமாகப் பிணைத்துச் செய்யப்படும் சிறிய கடற்கலம் ஆகும். தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், கேரளத்தின் தென்பகுதி, இலங்கை ஆகிய இடங்களின் கடற்கரைகளில் மீன்பிடிக்க இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. ஆணி, பசை, உலோகம் எதுவுமின்றிக் கைக்கருவிகளைக் கொண்டே இதைக் கட்டி முடிக்கலாம். துடுப்பாலும் பாயாலும் செலுத்தப்பட்ட இக்கலம், 1980களுக்குப் பின் வெளிப்பொருத்து இயந்திரத்தாலும் செலுத்தப்பட்டது. இன்று பெரும்பாலான மீனவ ஊர்களில் கண்ணாடி இழைப் படகுகள் இதன் இடத்தைப் பிடித்துவிட்டன. கட்டுமரம் கட்டும் கைத்திறன் அருகி வருகிறது.

சொற்பிறப்பு

கட்டு, மரம் என்னும் இரு தமிழ்ச் சொற்களின் சேர்க்கையே கட்டுமரம். கட்டப்பட்ட மரம் என்பது இதன் பொருள். ஐரோப்பியப் பயணிகள் சோழமண்டலக் கரையில் இக்கலத்தைக் கண்டு, அதன் பெயரைத் தத்தம் மொழிகளுக்கு எடுத்துச் சென்றனர். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல் இடம்பெற்றுள்ளது.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொருள் பின்னர் மாறியது. இன்று 'கேட்டமரான்' எனப்படுவது, இரண்டு தனித்தனி உடற்பகுதிகளை மேல்தளத்தால் இணைத்துக் கட்டப்படும் கலமாகும். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெர்ரெசாஃப் 1876இல் உருவாக்கிய 'அமரில்லிசு' என்னும் பாய்மரப் படகு இவ்வகையின் தொடக்ககால எடுத்துக்காட்டு. இரட்டை உடல் அமைப்பின் மூலம் பசிபிக் பெருங்கடல் தீவுகளின் இரட்டைத் தோணிகளே. கேட்டமரானுக்குத் தமிழிலிருந்து சென்றது பெயர் மட்டும்தான், வடிவம் அன்று. தமிழ்நாட்டுக் கட்டுமரத்துக்கு இரண்டு உடல்கள் இல்லை. உண்மையில் அதற்கு உள்ளீடற்ற உடற்பகுதியே கிடையாது.

வரலாறு

மரத்தடிகளைப் பிணைத்து நீரைக் கடக்கும் வழக்கம் மிகப் பழமையானது. சங்க இலக்கியத்தில் புணை, திமில், அம்பி முதலிய கலங்களின் பெயர்கள் வருகின்றன. இவற்றுள் புணை என்பது பிணைக்கப்பட்ட மிதவையைக் குறிக்கும். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடலின் பெரிபுளூசு' என்னும் கிரேக்க நூல், தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெரிய கலங்கள் இருந்ததாகக் குறிப்பிடுகிறது. இன்றைய கட்டுமரத்துடன் அதற்கு நேரடித் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. இடையில் இருந்த உடையலைப் பகுதியை ஐரோப்பியப் படகுகளால் பாதுகாப்பாகக் கடக்க இயலவில்லை. பயணிகளும் சரக்கும் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் கரை சேர்ந்தனர். கடல் கொந்தளித்து மசூலாப் படகும் செல்ல முடியாத நாட்களில் கட்டுமரம் மட்டுமே கப்பலை அடைந்தது. கட்டுமரக்காரர்கள் கடிதங்களை நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் வைத்து எடுத்துச் சென்றனர். மசூலாப் படகுகளுக்குத் துணையாகச் சென்று, கடலில் விழுந்தவர்களை மீட்கும் பணியையும் செய்தனர். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டப்பட்டு வந்த சுவர்கள் 1881 நவம்பரில் வீசிய புயலில் பெரும் சேதமடைந்தன. அதே கரையில் கட்டுமரங்கள் அதன் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தொழில் செய்தன.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சேம்சு ஹோர்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் கட்டுமர வகைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார். இத்துறையில் அது இன்றும் அடிப்படை ஆவணமாகக் கருதப்படுகிறது.

அமைப்பு

சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தில் தடிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாக இருக்கும். ஒருவர் செல்லும் சிறிய மரத்தில் மூன்று தடிகளும், பெரியவற்றில் ஐந்து அல்லது ஏழு தடிகளும் உண்டு. நீளம் ஏறத்தாழ 3 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை அமையும்.

தடிகள் ஒரே மட்டத்தில் அடுக்கப்படுவதில்லை. நடுத்தடி மற்றவற்றைவிடத் தாழ்ந்து அடிமரம் போல் நிற்கும். பக்கத் தடிகள் படிப்படியாக உயர்ந்திருக்கும். எனவே குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேற்பரப்பு ஆழமற்ற தொட்டி போலத் தோன்றும். வலையும் மீனும் ஆட்களும் அந்தப் பள்ளத்தில் தங்குவதால் எடை நடுவில் அமைகிறது. முன்முனை குறுகி மேல்நோக்கி வளைந்திருக்கும். இம்முனை அணியம் எனப்படும். பெரிய மரங்களில் அலையைப் பிளப்பதற்காக அணியத்தில் தனியாகச் செதுக்கிய மூக்குத் துண்டுகளும் சேர்த்துக் கட்டப்படும்.

தடிகளுக்கு இடையே இடைவெளி அடைக்கப்படுவதில்லை. மேலே ஏறும் நீர் அந்த இடைவெளிகள் வழியாகவே வடிந்துவிடும். நீர் இறைக்கும் வேலை கட்டுமரத்தில் இல்லை.

மரத் தேர்வு

கட்டுமரத்துக்கு வலிமையைவிட இலேசான தன்மையே முதன்மையானது. தேக்கு போன்ற கனத்த மரங்கள் இதற்கு ஏற்றவை அல்ல. தேவையான இயல்புகள் பின்வருமாறு:

* அடர்த்தி குறைவாக இருத்தல்
* நீண்ட, கணு குறைந்த அடிமரம்
* உலரும்போது அதிகம் வெடிக்காமை
* வாய்ச்சியால் எளிதில் செதுக்கக்கூடிய மென்மை

அல்பீசியா, மலைவேம்பு, முள்முருங்கை முதலிய மரங்கள் பயன்பட்டுள்ளன. தமிழ்நாட்டுக் கரைக்கு வேண்டிய அல்பீசியாத் தடிகள் பெருமளவில் கேரளத்திலிருந்து வந்தன. இலங்கையில் 'லுணுமிதெல்ல' எனச் சிங்களத்தில் அழைக்கப்படும் மலைவேம்பு இதற்குப் பெயர் பெற்றது. ஒரே மரத்தில் எல்லாத் தடிகளும் கிடைப்பது அரிது. அடர்த்தியும் பருமனும் ஒத்த தடிகளைத் தேடி இணை சேர்ப்பதே கட்டுவோரின் முதல் திறன். இடப்புறத் தடி வலப்புறத் தடியைவிடக் கனமாக இருந்தால், முடிந்த மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதக்கும்.

கட்டும் முறை

கட்டுமரத்தை மீனவர்களே கட்டிக்கொள்வதும், படகுத் தச்சரைக் கொண்டு கட்டுவதும் உண்டு. படகுத் தச்சருக்கு ஓடாவி என்பது தமிழ்ப் பெயர். கோடரி, வாய்ச்சி, உளி, கொட்டாப்புளி, துரப்பணம், இழைப்புளி ஆகியவையே முதன்மைக் கருவிகள். வரைபடம் வரையப்படுவதில்லை. அளவுகள் முழம், சாண், விரற்கடைக் கணக்கில் நினைவிலிருந்தே எடுக்கப்படும்.

1. உலர்த்துதல்: வெட்டிய தடியின் பட்டை உடனே உரிக்கப்படும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் ஈரம் தங்கினால் பூச்சி துளைக்கும். தடி நிழலில், தரையில் படாமல் கட்டைகளின் மேல் கிடத்தப்படும். நேர் வெயிலில் காய்ந்தால் வெளிப்பகுதி விரைவாகச் சுருங்கி வெடிப்பு விழும்.

2. வரிசை பார்த்தல்: உலர்ந்த தடிகளை மணலில் பக்கம் பக்கமாக அடுக்கி, எது நடுத்தடி, எது எந்தப் பக்கம் என முடிவு செய்வர். இயற்கையிலேயே சற்று வளைந்த தடிகள் வளைவு வெளிநோக்கி இருக்குமாறு ஓரத்தில் வைக்கப்படும்.

3. செதுக்குதல்: கோடரியால் பருமட்டாக வடிவம் கொடுத்த பின் வாய்ச்சியால் நுணுக்கமாகச் செதுக்குவர். அடுத்தடுத்த தடிகள் ஒன்றையொன்று தொடும் பக்கங்கள் தட்டையாக்கப்படும். அடிப்பக்கம் உருண்டையாக விடப்படும். மணலில் தள்ளும்போதும் நீரில் செல்லும்போதும் தடை குறைவதற்கு இது உதவும். அணியப் பகுதி இறுதியாக மேல்நோக்கிச் செதுக்கப்படும்.

4. காடி வெட்டுதல்: கயிறு சுற்றி வரும் இடங்களில் தடியின் அடியில் ஆழமான காடி வெட்டப்படும். கயிறு அந்தக் காடிக்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே துருத்தி நின்றால் கரையில் இழுக்கும்போது மணலில் உராய்ந்து சில நாட்களில் அறுந்துவிடும்.

5. குறுக்குக் கட்டை: முன்புறமும் பின்புறமும் தடிகளின் மேல் குறுக்கே ஒவ்வொரு கட்டை வைக்கப்படும். இதுவே தடிகளின் உயர வேறுபாட்டைக் காத்து, அவை முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கிறது.

6. பிணைத்தல்: தென்னை நார்க் கயிற்றை நனைத்து, தடிகளுக்கு அடியிலும் குறுக்குக் கட்டையின் மேலுமாகப் பல சுற்றுகள் சுற்றுவர். ஒருவர் காலால் தடியை மிதித்துக் கயிற்றை இழுக்க, மற்றவர் கோலைக் கொடுத்து முறுக்கி இறுக்குவார். தளர்வு தெரிந்தால் கயிற்றுக்கு அடியில் மர ஆப்பு அடிக்கப்படும். தென்னை நார் உப்பு நீரில் எளிதில் மட்காது என்பதால் பிற நார்களைவிட விரும்பப்பட்டது. பிற்காலத்தில் நைலான் கயிறு வழக்கத்துக்கு வந்தது.

7. மிதக்கவிட்டுப் பார்த்தல்: அலை குறைந்த நேரத்தில் நீரில் இறக்கி, சாய்வு உள்ளதா என்று பார்ப்பர். சாய்ந்தால் கட்டை அவிழ்த்து, கனமான பக்கத்தைச் செதுக்கியோ தடிகளை இடம் மாற்றியோ சரிசெய்வர்.

கட்டுமரத்தின் கட்டு நிலையானது அன்று. தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் தனித்தனியாகக் காயவைப்பது பழைய வழக்கம். அடுத்த நாள் விடியுமுன் மீண்டும் கட்டப்படும். ஆகவே ஒரு கட்டுமரக்காரர் தம் கலத்தை வாழ்நாளில் பல ஆயிரம் முறை கட்டுகிறார். கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்பதில் ஆளின் உயிர் அடங்கியிருப்பதால், சிறுவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படுபவற்றுள் முடிச்சும் ஒன்று.

மிதக்கும் அறிவியல்

சாதாரணப் படகு உள்ளே காற்று நிறைந்த வெற்றிடத்தால் மிதக்கிறது. ஓட்டை விழுந்தாலோ அலை உள்ளே புகுந்தாலோ அது மூழ்கும். கட்டுமரம், மரத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவாக இருப்பதால் மிதக்கிறது. ஆகவே அலை மேலே புரண்டாலும், கவிழ்ந்தாலும் அது மூழ்குவதில்லை. கவிழ்ந்த மரத்தை ஆட்கள் நீந்தியவாறே நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்வர்.

சுமை தாங்கும் திறனை எளிய கணக்கால் அறியலாம். கடல் நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1025 கிலோகிராம். நன்கு உலர்ந்த இலேசான மரத்தின் அடர்த்தியை 300 கிலோகிராம் எனக் கொள்வோம். மொத்தக் கன அளவு 0.6 கன மீட்டர் உள்ள கட்டுமரத்தின் எடை 180 கிலோகிராம். முழுதும் அமிழ்ந்தால் அது விலக்கும் நீரின் எடை 615 கிலோகிராம். எனவே அது அதிகபட்சமாகத் தாங்கும் சுமை 435 கிலோகிராம்.

அதே மரம் நீரை உறிஞ்சி அடர்த்தி 500 கிலோகிராமாக உயர்ந்தால், மரத்தின் எடை 300 கிலோகிராம் ஆகிறது. தாங்கும் சுமை 315 கிலோகிராமாகக் குறைகிறது. அதாவது இரண்டு ஆட்களின் எடைக்கு நிகரான திறன் ஈரத்தால் இழக்கப்படுகிறது. தடிகளை அவிழ்த்துக் காயவைக்கும் வழக்கத்தின் காரணம் இதுவே. உலர்த்துவதால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் தடிகளில் குடியேறுவதில்லை.

கட்டு சற்று நெகிழ்வாக இருப்பதும் நன்மையே. அலை அடிக்கும்போது ஒவ்வொரு தடியும் சிறிதளவு அசைந்து அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்கிறது. 1947இல் தோர் ஹெயர்டாலும் அவருடைய குழுவினரும் பெருவிலிருந்து பொலினீசியாவுக்கு 101 நாட்கள் பயணம் செய்த 'கோன்-டிக்கி' தெப்பமும் ஒன்பது பால்சா மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்பட்டதே. தடிகள் உராய்ந்து கயிறு விரைவில் அறுந்துவிடும் எனப் பலர் எச்சரித்தனர். ஆனால் மென்மையான மரத்துக்குள் கயிறு பதிந்து பாதுகாப்பாக இருந்தது. கட்டுமரத்தில் காடி வெட்டிச் செய்யும் வேலையை அங்கு மரத்தின் மென்மையே செய்தது எனலாம்.

செலுத்துதல்

கட்டுமரக்காரர்கள் முழந்தாளிட்டோ குதிகாலில் அமர்ந்தோ துடுப்பு வலிப்பர். துடுப்பாகப் பலகையோ பிளந்த மூங்கிலோ பயன்படும். காற்று வாய்ப்பாக இருக்கும்போது முக்கோணப் பாய் விரிக்கப்படும். பக்கக் காற்றில் கலம் ஒதுங்கிச் செல்லாதிருக்க நீருக்குள் பலகை ஒன்று செங்குத்தாக இறக்கப்படும். விடியுமுன் நிலத்திலிருந்து வீசும் காற்றில் கடலுக்குச் சென்று, பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்புவது வழக்கம்.

உடையலையைக் கடப்பதே மிகக் கடினமான பகுதி. அலைகள் தொகுதிகளாக வருவதைக் கரையில் நின்று எண்ணிப் பார்த்து, இரண்டு பெரிய அலைத் தொகுதிகளுக்கு இடையே கிடைக்கும் அமைதியில் மரத்தைத் தள்ளுவர். அணியம் அலைக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் மரம் புரண்டு, கனத்த தடிகள் ஆட்களின் மேல் விழும் அபாயம் உண்டு.

வகைகள்

* சின்ன மரம்: மூன்று தடிகள் கொண்டது. கரையோரத் தூண்டில், சிறு வலைத் தொழிலுக்கு உரியது.
* பெரிய மரம்: செவுள் வலை போன்றவற்றுக்குப் பயன்படுவது. இரண்டு மரங்கள் சேர்ந்து மடி வலை இழுப்பதும் உண்டு.
* கோலா மரம்: பறவைக் கோலா மீன் பிடிக்கச் செல்லும் பெரிய கட்டுமரம். நாகப்பட்டினம் பகுதியில் பெயர் பெற்றது. மே முதல் சூலை வரையிலான பருவத்தில் கரையிலிருந்து வெகுதொலைவு செல்லும். செடிக் கொத்துகளை நீரில் மிதக்கவிட்டு, முட்டையிட அவற்றை நாடி வரும் மீன்களை வலையால் அள்ளுவர்.
* தெப்பா: ஆந்திரக் கரையின் வகை. ஓரங்களில் பலகை சேர்த்து உயர்த்தப்பட்ட வடிவங்களும் அங்கு உண்டு.

வடகிழக்குப் பிரேசிலின் மீனவர்கள் பயன்படுத்தும் 'சங்காடா' என்னும் பாய்மரத் தெப்பம் கட்டுமரத்துடன் ஒப்பிடத்தக்கது. இலங்கையின் ஒற்றைப் புறமிதவைத் தோணியான 'ஒருவ'வை ஐரோப்பியர் சிலர் இதே பெயரால் குறித்தனர். அது முற்றிலும் வேறான கலம்.

உள்நாட்டுப் பகுதிகளில்

கட்டுமரம் உடையலை உள்ள திறந்த கடற்கரைக்கு உரிய கலம். உள்நாட்டு நீர்நிலைகளில் அலை இல்லாததால், அங்கு பரிசலும் வாழைத்தண்டுத் தெப்பமுமே வழக்கில் இருந்தன. 2019இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, மணிமுத்தாறு ஆகிய ஆறுகளின் நீர் வெள்ளாற்றின் வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. அக்கழிமுகத்தை ஒட்டிய மீனவ ஊர்கள் கட்டுமரத் தொழிலில் நீண்ட பழக்கம் உடையவை.

மரவேலையைப் பொறுத்தவரை கள்ளக்குறிச்சிக்குத் தனி மரபு உண்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகளில் செய்யப்படும் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. சிற்பிக்கும் ஓடாவிக்கும் உளி, கொட்டாப்புளி முதலிய கருவிகள் பொதுவானவை. ஆனால் மரத்தை மதிப்பிடும் முறை வேறு. சிற்பி நுண்ணிய செதுக்கலைத் தாங்கும் நெருக்கமான மரத்தைத் தேடுகிறார். கட்டுமரம் கட்டுபவர் கையில் எடுத்தால் கனம் தெரியாத மரத்தைத் தேடுகிறார். கட்டுமரத்துக்கு உரிய மலைவேம்பு இன்று தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் பண்ணை மரமாக வளர்க்கப்படுகிறது. அது பெரும்பாலும் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கே செல்கிறது.

மாற்றமும் சரிவும்

கட்டுமரத்தின் சரிவுக்குப் பல காரணங்கள் உள்ளன. பருத்த, நீண்ட தடிகள் கிடைப்பது அரிதாகி விலை உயர்ந்தது. இழுவைப் படகுகள் பெருகியதால் கரையோர மீன்வளம் குறைந்து, தொலைவு செல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. நாள் முழுதும் நனைந்தபடி அமர்ந்திருப்பதும், பிடித்த மீனை வெயிலிலிருந்து காக்க இடமின்மையும் கட்டுமரத்தின் இயல்பான குறைகள்.

1979இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்பட்ட ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், உடையலையில் கரையேறக்கூடிய புதிய படகு வடிவங்களைச் சோதித்தது. 1980களில் தென்கோடிக் கரையில் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவின. அதன் பின் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் ஏராளமான கட்டுமரங்கள் அழிந்தன. மறுவாழ்வு உதவியாகப் பெருமளவில் வழங்கப்பட்டவை கண்ணாடி இழைப் படகுகளே. பல ஊர்களில் கட்டுமரத்திலிருந்து விலகும் போக்கை இது விரைவுபடுத்தியது.

இரண்டையும் ஒப்பிட்டால் நிறைகுறைகள் தெளிவாகின்றன. கண்ணாடி இழைப் படகு வேகமானது. அதிகச் சுமை ஏற்றும். ஆட்கள் நனையாமல் செல்லலாம். ஆனால் அதற்கு எரிபொருள் வேண்டும். வாங்குவதற்குப் பெரும்பாலும் கடன் வேண்டும். உடைந்த படகு மட்குவதில்லை. கட்டுமரத்துக்கு எரிபொருள் செலவு இல்லை. பழுதான ஒரு தடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஆளும் தொழில் செய்யலாம். முதியவர்களும் சொந்தப் படகு வாங்க முடியாதவர்களும் யாரிடமும் கூலிக்குச் செல்லாமல் பிழைக்க வழி தந்தது இதன் சமூகப் பயன்.

சட்டமும் இத்தகைய கலங்களுக்குத் தனி இடம் தருகிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை கடைப்பிடிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலிருந்து, இயந்திரமற்ற மரபுவழிக் கலங்களுக்கு விலக்கு உண்டு.

தெர்மாகோல் போன்ற நுரைப் பொருளை உள்ளே அடைத்து, வெளியே கண்ணாடி இழை பூசிய 'கட்டுமரங்கள்' சில ஊர்களில் இன்றும் கடலுக்குச் செல்கின்றன. மூழ்காமையும் எளிதில் கரையேறும் தன்மையும் இவற்றில் தொடர்கின்றன. ஆனால் இவை அச்சில் வார்க்கப்படுபவை. தடி தேர்வதும், இணை சேர்ப்பதும், கட்டுவதும் இவற்றுக்குத் தேவையில்லை. எழுதப்படாத அத்திறன்கள், அவற்றை அறிந்த தலைமுறையுடன் மறையும் நிலையில் உள்ளன.

இலக்கியத்தில்

சோ டி குரூசு எழுதி 2004இல் வெளிவந்த 'ஆழி சூழ் உலகு' புதினம் கட்டுமர மீனவர் வாழ்க்கையை விரிவாகச் சித்தரிக்கிறது. கடற்கரைப் பேச்சு வழக்கில் உள்ள கலம், காற்று, நீரோட்டம் பற்றிய சொற்களை அறிய விரும்புவோருக்கு இது பயன்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* பரிசல்
* வள்ளம்
* மசூலாப் படகு
* திமில்
* கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்
* பரதவர்